ஆட்நாவ் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள்

மகாராஷ்டிர அரசின் படிவங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், மும்பையில் அந்தப் படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும்,

என் பெயர் மாற்றம் அரசிதழில் வெளியாகிவிட்டது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் அச்சில் இருக்கின்றன. அதற்குப் பிறகும், "ஆட்நாவ் இல்லாமல் பதிவு செய்ய இயலாது. பழைய ஆட்நாவையே வைத்துக்கொள்ளவும், அல்லது வேறொன்றைத் தேர்ந்து மீண்டும் அரசிதழில் வெளியிட்டு வரவும்" என்று என் விண்ணப்பத்தின் மேல் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர், அதாவது சர்நேம். எந்த அலுவலகம், எந்த மேசை என்று இங்கே எழுதவில்லை. அங்கே இருந்த அம்மா என்னிடம் கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பு நட்சத்திரக் குறி போட்ட ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவரோடு எனக்கு வழக்கில்லை. அந்தக் குறியை அங்கே போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மராத்தியில் மனுவை முறைப்படி அனுப்பிவிட்டேன். அதையே தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா, செம்பூர் என்று இந்த நகரத்தில் தமிழர்கள் இருக்கும் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கிடைப்பார்கள். அது தங்கள் வீட்டுத் தாள்களில் மட்டும் நேர்ந்த கோளாறு என்று நினைத்துக்கொண்டு அவர்களில் பலர் ஏஜெண்டுகளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் என்ற பெயரை மாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று போன இடத்திலெல்லாம் நினைத்தார்கள். ஒரு நோட்டரி, "சின்னதா, மாடர்னா ஒரு பேரு வச்சுக்கோங்க மேடம்" என்று யோசனையும் சொன்னார். அது என் ஆச்சியின் பெயர். எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் அம்மன் பெயர். அது அப்படியே இருக்கும். அப்பா பெயர் சுடலைமுத்து. அதுவும் இருக்கும். நீக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர் மட்டும். அந்தச் சொல்லை இந்த மடலில் எழுதப் போவதில்லை. உயர்ந்தது என்று சொல்லிக்கொள்ளும் சாதியா, தாழ்த்தப்பட்ட சாதியா என்று யாரும் தேடிப் பார்க்கவும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் என் கோரிக்கை மாறாது.

அது எப்படி என் பெயரில் ஏறியது என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். அவருக்கு அப்போது மராத்தி அவ்வளவாகப் பிடிபடவில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது கிளார்க், பிள்ளையின் பெயர் கேட்டார். சொன்னார். தகப்பன் பெயர் கேட்டார். சொன்னார். அடுத்து "ஆட்நாவ்?" என்றார். அப்பா விழித்தார். கிளார்க் மறுபடியும் கேட்டார். வரிசையில் பின்னால் நின்ற நம்ம ஊர்க்காரர் ஒருவர், உதவி செய்கிற எண்ணத்தில்தான், "நீங்க என்ன ஆளுகன்னு கேக்காருண்ணே" என்றார். அப்பா தயங்கினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சொன்னார். கிளார்க் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாத் தாளிலும் ஏறிப் போனது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து லீவிங் சர்டிபிகேட்டுக்கு, அதிலிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு, அதிலிருந்து கல்லூரிக்கு, வேலைக்கு, வங்கிக்கு.

அந்தக் கிளார்க்கை நான் குறை சொல்லவில்லை. மராத்தி வீடுகளில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் வரிசையாக வரும். ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர்கள் இங்கே ஏராளம். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம். என் அப்பாவின் இனிஷியல் வேறு, என் இனிஷியல் வேறு, என் மகளின் இனிஷியல் வேறு. வீட்டில் இல்லாத ஒரு பெயரைக் கட்டாயம் சொல் என்றால், மனிதர் கைக்கு முதலில் கிடைப்பது சாதிதான். மும்பைத் தமிழர்கள் இத்தனை பேர் பெயருக்குப் பின்னால் சாதியோடு இருப்பது அவர்களின் சாதிப் பற்றால் மட்டும் வந்ததல்ல. பெரும்பகுதி படிவத்தால் வந்தது.

எங்கள் மாநிலத்தில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் தன் பெயரோடு இருந்த பட்டத்தை விட்டார். அதன் பிறகு ஊர் ஊராக மக்கள் விட்டார்கள். சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, ஒழியவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் பெயரைப் படித்தவுடன் சாதி தெரியாது என்ற அளவுக்காவது வந்து சேர்ந்தார்கள். என் அத்தை பிள்ளைகளுக்கு ஊரில் அது இல்லை. ரயிலேறி வந்த சுடலைமுத்துவின் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கிறது.

பெயரில் சாதி இருப்பதால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்டவர்கள் உண்டு. வாடகைக்கு வீடு தேடியபோது சர்நேமைக் கேட்டபின் "பாத்துட்டுச் சொல்றேன்" என்று முடிந்த பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். அதைவிட என்னை உறுத்தியது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம்மூர்க்காரர் ஒருவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் குனிந்து படித்தார். அதுவரை "வாங்க போங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர், அதைப் படித்து முடித்ததும் "உனக்கு எந்த ஊரும்மா?" என்றார். வேலை செய்யப் போன இடத்தில் என் வேலையைப் பார்க்குமுன் அந்த அட்டையைப் பார்க்கிறார்கள். என் மகள் கழுத்திலும் அது தொங்க வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

திருப்பி அனுப்பிய மேசையில் எனக்கு ஒரு வழியும் சொன்னார்கள். அப்பா பெயரையே ஆட்நாவாகப் போட்டுக்கொள்ளுங்கள், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். சரி, எப்படி வருகிறது பார்க்கலாம் என்று சம்மதித்தேன். நடுவில் தகப்பன் பெயர்க் கட்டம், அதையும் காலியாக விட முடியாது. ஆகவே திரையில் வந்தது இது: பேச்சியம்மாள் சுடலைமுத்து சுடலைமுத்து. "இப்படியே பிரிண்ட் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். ஒரு மனிதரின் பெயரை, இறந்துபோன என் அப்பாவின் பெயரை, கட்டம் நிரப்பும் சரக்காக இரண்டு முறை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. சுடலைமுத்து என்பது இனி எங்கள் குடும்பப் பெயர் ஆகிவிடும். என் மகளின் படிவத்தில் தாயின் ஆட்நாவ் ஒன்று, தகப்பனின் ஆட்நாவ் ஒன்று, அவளுடையது எது என்ற கேள்வி வரும். என் தம்பி வேறு விதமாக நிரப்பினால் ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். வேறு சிலர் புள்ளி வைக்கிறார்கள், கோடு போடுகிறார்கள், பொருந்தாது என்ற பொருளில் 'என்.ஏ.' என்று அடிக்கிறார்கள். அது அப்படியே அச்சாகிறது. பெயருக்குப் பின்னால் 'என்.ஏ.' என்று அச்சான ஒரு பெண்ணின் சான்றிதழை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவள் அதை லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

கணினி ஏற்காது என்பது பதில் ஆகாது. ஆதாரில் முழுப் பெயருக்கு ஒரே கட்டம்தான். சர்நேம் என்று தனியாக இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாம். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம்தான், ஆனால் ஒற்றைப் பெயர் உள்ளவர் அந்தப் பெயரையே அங்கே எழுதலாம் என்று அதன் குறிப்பே சொல்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம் ஆட்கள் பதறிப் போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று அவர்களே விளக்கம் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் புரிந்துகொண்டு இடம் கொடுத்ததை, தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து உழைத்த நகரம் கொடுக்க முடியாதா?

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆட்களின் பி.எஃப்., பான், வங்கித் தாள்கள் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் இது என் ஒருத்தி கதை இல்லை என்று எனக்குத் தெரியும். கேன்டீனில் பாத்திரம் கழுவிய பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஊருக்குப் போய்ப் பழைய வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், பி.எஃப். பணம் வரட்டும் என்று காத்திருந்தார். ஆதாரில் அவர் பெயர் இனிஷியலோடு இருந்தது. பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முன்னால் வந்திருந்தது. அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் பதிவேட்டில் சாதிப் பெயர் பின்னால் இருந்தது, அதையும் யாரோ கேட்டு எழுதியதுதான். மூன்றும் ஒரே ஆள். மூன்றும் ஒத்துப்போகவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் அவர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரிதான் போடுவார், தமிழில், தன் பெயரை மட்டும், இனிஷியல்கூட இல்லாமல். என் மேசை முன்னால் நின்றுகொண்டு, "எம் பேரு எனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதை மத்திய அமைப்புகளே உணர்ந்திருக்கின்றன. 2025 ஜனவரியில் பி.எஃப். அமைப்பு, 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கப்பட்டு ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட எண்களுக்கு உறுப்பினரே இணையத்தில் பெயரைத் திருத்தலாம் என்று தளர்த்தியது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பெரியவரைப் போல அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு அது முழுதாக உதவாது. பான் எண்ணை ஆதாரோடு இணைக்காவிட்டால் 2023 ஜூன் 30-க்குப் பிறகு பான் செயலற்றுப் போகும் என்றார்களே, அப்போது பெயர் பொருந்தாமல் இணைக்க முடியாமல் தவித்து, கெடு தாண்டி, 1000 ரூபாய் கட்டணமும் கட்டியவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர்.

இனிப் பெயரை மாற்றும் வழிக்கு வருகிறேன். வயது வந்த ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்வதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் ஒன்று கிடையாது. உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் என்பது வழக்கத்தில் வந்த வரிசை. சட்டம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு மேசையும் ஒரு சட்டம் ஆகிவிடுகிறது. ஒரு மேசை அரசிதழ் போதும் என்கிறது. இன்னொன்று இரண்டு நாளிதழ் விளம்பரமும் வேண்டும் என்கிறது. அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை வேண்டாம் என்று உங்கள் அரசு 2004-லேயே விலக்கு அளித்திருக்கிறது. ஆனாலும் நீதிமன்ற வாசலில் முத்திரைத்தாள் இல்லாமல் யாரும் எழுதித் தருவதில்லை. வெள்ளைத்தாளில் கொண்டுபோனால் உள்ளே வாங்குவதுமில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதற்கு மேல் போனால் விதிவிலக்கு கேட்டு நடக்க வேண்டும். முதல் திருத்தத்தை ஓர் எழுத்துப் பிழைக்குச் செலவழித்தவர், இரண்டாவதை உங்கள் கட்டத்துக்காக ஒரு பொய்ப் பெயருக்குச் செலவழித்துவிட்டால், உண்மையான பெயருக்கு என்ன செய்வார்?

என் அறிவிப்பு மகாராஷ்டிர அரசிதழின் இரண்டாம் பகுதியில் அச்சானது. அந்தப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பழைய பெயர், புதிய பெயர். எழுத்தைத் திருத்தியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியவர்கள், மதம் மாறியவர்கள், எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர்கள். அவர்கள் எவரையும் அரசு தடுக்கவில்லை, தடுக்கத் தேவையுமில்லை. ஓர் எழுத்தைச் சேர்க்க விடுகிறவர்கள் ஒரு சாதியைக் கழற்ற விடமாட்டேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என்னிடம் வேறொன்றும் கேட்டார்கள். திருமணமானவரா என்றார்கள். ஆம் என்றதும் நடுக் கட்டத்தில் கணவர் பெயரைப் போடச் சொன்னார்கள். மறுத்தபோது, கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். என் கணவர் எழுதித் தரத் தயாராகவே இருந்தார். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. இன்று நான் கொடுத்தால், நாளை அடித்து விரட்டிய கணவனிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா என்று இன்னொரு பெண்ணிடமும் சொல்வார்கள். கல்யாணம் ஆனதும் பெண் பெயர் மாற வேண்டும் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. கணவர் பெயரை விட்டுத் தன் பழைய பெயருக்குத் திரும்பும் பெண், விவாகரத்துத் தீர்ப்பையோ கணவரின் ஆட்சேபணையின்மைச் சான்றையோ தர வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிப்பை எதிர்த்து ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் மத்திய அரசிடம் பதில் கேட்டது. அந்த அறிவிப்பே கேள்விக்குள்ளானபின், எந்த விதியிலும் இல்லாத சம்மதத்தை மும்பையில் ஒரு மேசை கேட்பது எப்படிச் சரி?

நீதிமன்றங்கள் சொன்னதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2021 ஜூன் 3 அன்று, பள்ளிச் சான்றிதழ்களில் பெயர் மாற்றம் குறித்த சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தில் பிரிக்க முடியாத பகுதி, அது அரசியல் சட்டத்தின் 19-ஆவது கூறு தரும் கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்றது. நியாயமான கட்டுப்பாடுகள் வைக்கலாம், வழியையே அடைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருங்கி வந்தது. சாதியைக் காட்டும் குடும்பப் பெயரைத் தந்தை மாற்றிக்கொண்டபின், மகன்களின் சான்றிதழ்களிலும் அது மாற வேண்டும் என்ற வழக்கு அது. ஒரு சாதியோடு அடையாளப்படுத்தப்பட்டு இழிவுக்கு ஆளாக விரும்பாதவருக்கு அந்த அடையாளத்தை விடும் உரிமை, வாழ்வுரிமை தரும் 21-ஆவது கூறின்படி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

நீதிமன்றம் எதற்கு, உங்கள் அமைச்சரவையே செய்திருக்கிறது. 2020 டிசம்பரில், சாதிப் பெயர் கொண்ட குடியிருப்புகளுக்கு வேறு பெயர் வைப்பது என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் மனதார மகிழ்ந்தேன். ஒரு தெருப் பலகையில் சாதி இருந்தால் அங்கே குடியிருப்பவருக்கு அது இழிவு என்று உணர்ந்த அரசு, அதே மனிதரின் பெயர்ப் பலகையில் அது கட்டாயம் இருக்கட்டும் என்று எப்படிச் சொல்லும்? 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாயின் பெயரும் வர வேண்டும் என்ற முடிவும் அதே போல வரவேற்க வேண்டியதே. பிள்ளையின் பெயர், தாய் பெயர், தந்தை பெயர் என்று வந்து கடைசியில் அங்கேயும் ஆட்நாவ் நிற்கிறது. இவ்வளவு தூரம் யோசித்துப் படிவத்தைத் திருத்தியவர்கள், ஆட்நாவ் இல்லாத மக்களும் இந்த மாநிலத்தில் குழந்தை பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

சாதிப் பெயரை எடுத்துவிட்டால் இட ஒதுக்கீடு போய்விடும் என்று எங்கள் மக்களிடம் ஒரு பயம் இருக்கிறது. உங்கள் அலுவலர்கள் சிலரே அந்தப் பயத்தைக் கிளப்புகிறார்கள். சாதிச் சான்றிதழில் சாதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டிலும் தனிக் கட்டம் இருக்கிறது. நூற்றாண்டுகளின் அநீதிக்கு ஈடாக வந்த உரிமையை அந்தக் கட்டம் காக்கும். பெயர்க் கட்டம் காக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பெயரில் சாதி இல்லாத பிள்ளைகள்தான் சாதிச் சான்றிதழ் வாங்கிப் படிக்கிறார்கள். சலுகை வேண்டுமென்றால் நெற்றியில் எழுதிக்கொண்டு திரி என்று சொல்வது அந்த உரிமையையே கொச்சைப்படுத்துவது.

மோசடிக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் அரசிதழ். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் நிரந்தரமாக நிற்கின்றன. ஆதார் எண் மாறவில்லை, பான் எண் மாறவில்லை, கைரேகை மாறவில்லை. காலிக் கட்டத்தால் எந்தக் குற்றவாளியும் ஒளிந்துகொள்ள முடியாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

என் அரசிதழ் அறிவிப்பை உள்ளபடி ஏற்று, பேச்சியம்மாள் என்பதைப் பெயராகவும் சுடலைமுத்து என்பதைத் தந்தை பெயராகவும், ஒரே ஒரு முறை, பதிவு செய்ய உத்தரவிடுங்கள். இன்னொரு முறை அரசிதழில் வெளியிடச் சொல்லும் குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். முடியாது என்றால், எந்த விதியின் கீழ் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பொதுச் சேவை உரிமைச் சட்டம் உங்களிடம் கேட்பதும் காரணத்தோடு கூடிய அந்த எழுத்துப் பதிலைத்தான். வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதை எல்லா மேசைகளிலும் நிறுத்துங்கள்.

மாநில அரசின் எல்லாப் படிவங்களிலும், அவற்றின் பின்னால் இருக்கும் மென்பொருளிலும் ஆட்நாவ் கட்டத்தின் கட்டாயக் குறியை எடுத்துவிடுங்கள். 2024-இல் வந்த புதிய பெயர் வரிசைக்கும் இது பொருந்த வேண்டும். கட்டம் இருக்கட்டும், வேண்டியவர்கள் நிரப்பட்டும். காலியாக விட்டால் புள்ளியோ கோடோ 'என்.ஏ.'யோ அச்சாகக் கூடாது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இதை முதலில் செய்யுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாத் தாளும் அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்பது முழுமையான பதில் என்று பள்ளி அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

ஏற்கெனவே சாதிப் பெயர் ஏறிவிட்ட வயது வந்தவர்கள் அதை நீக்கக் கேட்டால், ஓர் உறுதிமொழிப் பத்திரம், ஓர் அரசிதழ் அறிவிப்பு, இவை இரண்டும் எல்லா மாநில அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் போதுமானவை என்று ஆணை போடுங்கள். பள்ளியை விட்டு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், பழைய பெயரைக் குறிப்பில் காட்டி, புதிய பெயரில் சான்றிதழ் தர வழி செய்யுங்கள். சாதியை நீக்கக் கேட்டு வருபவரிடம் அரசிதழ்க் கட்டணம் வாங்காதீர்கள். அவர் கேட்டு வாங்கிய பெயர் அல்ல அது. முத்திரைத் தீர்வை விலக்கை அலுவலக வாசலில் மராத்தியிலும் இந்தியிலும், எங்கள் ஆட்கள் மிகுந்த வட்டாரங்களில் தமிழிலும் எழுதி வையுங்கள். பெயர் மாற்றத்தால் சாதிச் சான்றிதழ் பாதிக்கப்படாது என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.

பெண்களிடம் திருமணம் ஆனதா என்று கேட்பதையும், கணவரின் கையெழுத்தைக் கேட்பதையும் பெயர் மாற்ற நடைமுறையிலிருந்து முழுவதுமாக நீக்குங்கள்.

என் மகளுக்கு அடுத்த கல்வியாண்டில் பள்ளிச் சேர்க்கை இருக்கிறது. அதற்கு முன் உங்கள் எழுத்துப் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பொதுச் சேவை உரிமைச் சட்டத்தின்படி மேல்முறையீடு செய்வேன். அதற்கும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போவேன். இதே கட்டத்தில் நிற்பவர்கள் தங்கள் தாள்களோடு என்னுடன் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று இதைப் படிக்கும் தமிழர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

சு. பேச்சியம்மாள்
தாராவி, மும்பை